கோவிவன் நிற்கும் கல்

போரில் மாண்ட மறவருக்குக் கல் நாட்டி வழிபடுவது பண்டைத் தமிழர் மரபு. கல்லைத் தேர்ந்து காண்பது முதல் நாட்டி வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் கூறுகிறது. நடுகற்களில் வீரன் பெரும்பாலும் பிணமாகக் கிடப்பதில்லை. படைக்கலம் ஏந்திப் பொரும் கோலத்திலேயே நிற்கிறான். மாண்டவனை மீண்டும் களத்தில் நிறுத்தியது சிற்பியின் கற்பனையே.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லோ இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், எருமைகளைக் காக்கப் போரிட்டு வீழ்ந்தவன் கருந்தேவக்கத்தி. அவனுருவத்தின் அருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கள்வரைக் கடித்துக் காத்து நின்ற அந்நாயின் பெயர் கோவிவன். வீரனை மட்டும் வடித்திருந்தாலும் நினைவுக்கல் நிறைவு பெற்றிருக்கும். ஆயினும் ஊரார்க்கு நாயை விட்டுவிட மனம் வரவில்லை போலும். பல்லவப் பேரரசனின் பெயரைத் தாங்கிய அதே கல், கோவிவன் பெயரையும் தாங்கி நிற்கிறது.