குளமா, கரையா?

"இந்தப் பிள்ளை சொல்றத கேக்கவே மாட்டேங்குது." காலையில் பிள்ளைக்காம்பராவில் பிள்ளையை விட வரும் தாய்மார் பலர் இப்படிச் சலித்துக்கொள்வார்கள். மூன்று, நாலு வயதுப் பிள்ளை வேணுமென்றே அடம் பிடிப்பதாக நினைக்க வேண்டாம். சொன்னதைக் காதில் வாங்கி, ஞாபகம் வைத்து, கை காலை அடக்கிச் செய்வது அந்த வயதில் பெரிய வேலை. அடித்தால் அது வராது, விளையாடினால் வரும்.

குளம் கரை விளையாட்டையே எடுங்கள். லயத்து வாசலில் ஒரு கோடு கிழித்தால் போதும். 'குளம்' என்றால் இந்தப் பக்கம், 'கரை' என்றால் அந்தப் பக்கம் குதிக்க வேண்டும். முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் சொல்லுங்கள். கரையில் நிற்கும்போதே மறுபடி 'கரை' என்று சொன்னால், பாதிப் பேர் குளத்தில் கிடப்பார்கள்! நன்றாகப் பழகியதும் தலைகீழாக மாற்றுங்கள்: 'குளம்' என்றால் கரைக்குப் போக வேண்டும். இதில் பெரியவர்களே தடுமாறுவார்கள். தவறிய பிள்ளையை 'அவுட்' என்று ஒதுக்காதீர்கள். அதற்குத்தான் பழக்கம் கூடுதலாக வேண்டும்.

அமெரிக்காவில் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 65 பாலர்களிடம் இதுபோன்ற விளையாட்டுகளைச் சோதித்து 2011இல் எழுதினார்கள். எல்லாப் பிள்ளைகளிடமும் பெரிய மாற்றம் தெரியவில்லை. ஆரம்பத்தில் அடங்காமல் இருந்த பிள்ளைகளே முன்னேறினார்கள்.

கொழுந்து நிறுத்துவிட்டு வந்த களைப்பில் நீண்ட நேரம் விளையாட முடியாதுதான். ஐந்து நிமிஷம் போதும். வீட்டு வேலையையும் விளையாட்டாக்கலாம்: "கோப்பையை எடு" என்று தொடங்கி, பிறகு "கோப்பையை எடு, அம்மாயிகிட்ட குடு" என்று இரண்டாக்குங்கள். பக்கத்தில் போய், பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஒருமுறை சொல்லுங்கள். "ஓடாதே" என்பதைவிட "நட" என்பது பிள்ளைக்குச் சுலபமாகப் புரியும். எப்போதுமே திரும்பிப் பார்க்காத பிள்ளை என்றால், காது சரியாகக் கேட்கிறதா என்று தோட்ட மருத்துவிச்சியிடம் காட்டுங்கள். "யார் சொன்னாலும் கேள்" என்று மட்டும் பழக்க வேண்டாம், தெரியாத ஆள் கூப்பிட்டாலும் போய்விடும்.

பதுளை மாவட்டத்தில் நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதைந்ததை நாம் மறக்கவில்லை. தகர டின்னைத் தட்டும்வரை நடப்பது, சத்தம் நின்றதும் சிலையாக நிற்பது என்று ஒரு விளையாட்டு உண்டு. அதோடு, மூன்று தட்டு தட்டினால் கையில் உள்ளதைப் போட்டுவிட்டு வெளியே வர வேண்டும் என்பதையும் சேருங்கள். எங்கே வந்து நிற்க வேண்டும் என்பதை, மழைக்காலம் தொடங்குமுன் பிள்ளைக்காம்பரா பொறுப்பாளரும் பெற்றோரும் கூடிப் பேசி, பிள்ளைகளை அந்த இடத்துக்கே கூட்டிப்போய்க் காட்டுங்கள்.