மெழுகு எதைக் காக்கிறது?

"டிசைன் படிக்கிறவங்களுக்கு என்னப்பா, படம் வரைஞ்சா மார்க்கு" என்று மெக்கானிக்கல் தோழர்கள் கேண்டீனில் கேலி செய்வதுண்டு. இறுதியாண்டு பிராஜெக்டில் ஒரு முழம் காடாத் துணியோடு நான் பட்ட பாட்டைக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

நான் எடுத்த தலைப்பு கோடாலிக் கருப்பூர் சேலை. சிறுவாச்சூர்க்காரனான எனக்கே அந்த ஊர் அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடக் கரையில் இருப்பது அப்போதுதான் தெரிந்தது! தஞ்சை மராத்திய அரண்மனைக்காக அங்கே செய்த சேலையில் பல கைவேலைகள் ஒன்று சேர்ந்திருந்தன. ஜம்தானி முறையில் ஜரிகையைப் பூப்பூவாகக் கோத்து நெய்வது ஒன்று. துணியில் கையால் எழுதி, மெழுகால் காத்துச் சாயம் ஏற்றுவது இன்னொன்று. சிவப்பும் கருப்புமான நிறத்தில் மெல்லிய வெண்கோடுகள், நடுவே ஜரிகை. 1855-இல் மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்து, அரண்மனை ஆதரவு போனபின் இந்தத் தொழில் நலிந்தது.

அந்த வெண்கோட்டைக் கொண்டுவருவதுதான் என் வேலை. மெழுகுவர்த்தியை உருக்கிக் கோடு போட்டு, அலிசரின் சாயத்தில் துணியைப் போட்டேன். சாயம் சூடேறினால்தான் நல்ல சிவப்பு ஏறும். மெழுகோ 60 டிகிரிக்கு முன்பின்னாகவே உருகிவிடும். மெழுகு மேலே மிதந்தது, கோட்டைக் காணோம். சூடு இல்லாமல் ஓர் இரவு ஊறவைத்தேன். வெளிறிப்போன ரோஸ்தான் மிச்சம். தேன்மெழுகில் குங்கிலியம் கலந்தும் பார்த்தாயிற்று. அதுவும் உருகியது. வைவாவுக்கு ஒன்பதே நாள்!

அப்போது எங்கள் லேப் அண்ணன் சொன்னார்: "மெழுகையே ஏந்தம்பி பிடிச்சுத் தொங்குற? துணியில சாயம் எப்படி ஒட்டுதுன்னு முதல்ல பாரு."

அதில்தான் விடை இருந்தது. அலிசரின் பருத்தியில் தானாக ஒட்டாது. படிகாரம் ஏறிய இடத்தில்தான் சிவப்பு நிற்கும். ஆகவே மெழுகு தடுக்க வேண்டியது சாயத்தை அல்ல, படிகாரத்தை! படிகாரக் கரைசலோ பச்சைத் தண்ணீர் போலக் குளிர்ந்தது. சோழமண்டலக் கரையின் பழைய துணி ஓவியர்கள் சிவப்புக்குள் வெண்கோடு விட்டது இந்த வழியில்தான்.

நான் செய்த வரிசை இது. துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைத்தேன். பாலின் கொழுப்பு மை பரவாமல் தடுக்கும். துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் ஊறிய நீரால் கோடு எழுதினால் கடுக்காயோடு சேர்ந்து கருப்பாகிவிடும். பிறகு வெண்கோட்டுக்கு மெழுகு, அதன்மேல் படிகாரம். காய்ந்ததும் அலசி, வெந்நீரில் மெழுகை எடுத்துவிட்டுச் சாயத்தில் போட்டேன். கோடு நின்றது! லேசாக ஒட்டியிருந்த ரோஸ் நிறத்தைப் பழைய முறைப்படி சாணித் தண்ணீரும் வெயிலும் கொண்டு வெளுத்தேன். (ஹாஸ்டல் மாடியில் சாணி வாசம் வந்ததற்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.)

ஜரிகையில்தான் தோற்றேன். எனக்குக் கிடைத்த மலிவான செம்பு ஜரிகை சாயத்தொட்டியில் கறுத்துவிட்டது. நெய்யும்போதே ஜரிகை உள்ளே போய்விடுகிறது. அதன்பிறகு இத்தனை நனைப்பும் கொதிப்பும். அந்த நெசவாளியும் சாயக்காரரும் எத்தனை நாள் சேர்ந்து உட்கார்ந்து பேசியிருப்பார்களோ!

துணி எங்கள் துறை பீரோவில் இருக்கிறது. ஜூனியர்கள் கேட்டு வாங்கிப் பாருங்கள், அந்தக் கறுத்த மூலையையும் சேர்த்து.