கொல்லைக்கு வரும் வாயில்லா ஜீவன்கள்

கொல்லையில் நாலு வாழை, ஒரு முருங்கை, ஒரு கொய்யா, இரண்டு கீரைப் பாத்தி, வேலியோரம் ஓர் அவரைப் பந்தல். ஊர்ப்புறத்து வீடுகள் பலவற்றில் இவ்வளவாவது இருக்கும். வீட்டுப் பெண்கள் அரிசி கழுவிய தண்ணீரைக் கூட வீணாக்காமல் அதற்கு ஊற்றி வளர்ப்பார்கள். ஒருநாள் சுபுஹு தொழுதுவிட்டுப் போய்ப் பார்த்தால் கீரைத் தளிர் அடியோடு மேய்ந்து கிடக்கும். முயல் வந்து போயிருக்கும். கொய்யாவை அணில் கொறித்திருக்கும். தக்காளியை மயில் கொத்தியிருக்கும். கோழிக் குஞ்சு ஒன்றைக் கீரி கொண்டு போயிருக்கும்.

கோபம் வருவது மனித இயல்பு. அந்தக் கோபத்தில் நம் கை எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதற்கு மார்க்கத்தில் தெளிவான சட்டங்கள் இருக்கின்றன. தொழுகை, நோன்பின் சட்டங்களைக் கேட்டுத் தெரிந்து கொள்ளும் நாம் இதைக் கேட்பதில்லை. இம்மாதப் பாடமாக அதையே எடுத்துக் கொள்வோம்.

தின்று போனது வீண் அல்ல

அன்ஸாரிப் பெண்மணிகளுள் ஒருவரான உம்மு முபஷ்ஷிர் (ரலி) அவர்களுக்கு ஒரு பேரீச்சந் தோட்டம் இருந்தது. அங்கே சென்ற நாயகம் (ஸல்) அவர்கள், இந்த மரங்களை நட்டவர் முஸ்லிமா என்று விசாரித்தார்கள். ஆம் என்று பதில் வந்தது. ஒரு முஸ்லிம் மரம் நட்டாலும் பயிர் விதைத்தாலும் அதிலிருந்து மனிதனோ, பிராணியோ, வேறெதுவோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்ற கருத்தை அப்போது சொன்னார்கள். இது முஸ்லிம் கிரந்தத்தில் பதிவான செய்தி. இதே கருத்தில் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பு இன்னும் விரிவானது. அதில் காட்டு விலங்கு தின்றதும், பறவை தின்றதும், ஏன், திருட்டுப் போனதும் கூட நட்டவருக்கு ஸதகா என்று வருகிறது.

சகோதரிகளே! மேய்ந்து போன கீரைப் பாத்தியை இந்தக் கண் கொண்டு பாருங்கள். கடைக்குப் போனால் பத்து ரூபாய்க் கீரை. ஆனால் நம் ஏட்டில் அது நஷ்டக் கணக்கில் எழுதப்படவில்லை. முயலுக்குத் தெரியாது, அது நம் கொல்லைக்கு வந்து நமக்கு ஸதகாவின் கூலியை வாங்கிக் கொடுத்துச் சென்றது என்று. ஆனால் நமக்குத் தெரிய வேண்டுமல்லவா?

காவல் நம் பொறுப்பு

அப்படியானால் எல்லாவற்றையும் மேயவிட்டுச் சும்மா இருக்க வேண்டுமா? அதுவும் இல்லை. பொருளைப் பாதுகாப்பது மார்க்கம் அனுமதித்த காரியம்.

பராஉ இப்னு ஆஸிப் (ரலி) அவர்களின் ஒட்டகம் ஒருவருடைய தோட்டத்தில் புகுந்து சேதப்படுத்தியபோது, பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரர் பொறுப்பு, இரவில் கால்நடையைக் கட்டிக் காப்பது கால்நடைக்காரர் பொறுப்பு என்று பெருமானார் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். இது அபூதாவூதில் உள்ளது. இதன்படி அடுத்த வீட்டு ஆடு இரவில் அவிழ்ந்து வந்து நம் பயிரை மேய்ந்தால், ஷாஃபிஈ மத்ஹபில் ஆட்டுக்காரர் ஈடு தர வேண்டும். ஹனஃபி மத்ஹபில் ஆடு தானாக அவிழ்ந்து வந்திருந்தால் ஈடு இல்லை. அவரே ஓட்டிவிட்டிருந்தால் ஈடு உண்டு.

ஆனால் காட்டு முயலுக்கும் மயிலுக்கும் உரிமையாளர் இல்லை. கட்டிப் போட ஆளில்லாத பிராணி விஷயத்தில் பகலோ இரவோ காவல் முழுவதும் தோட்டக்காரர் தலையில்தான். எனவே முதற்கடமை வேலி. வேலி போடாமல் பிராணியின் மீது ஆத்திரப்படுவது, கதவைத் திறந்து போட்டுவிட்டுப் பூனையை அடிப்பதற்குச் சமம்.

இலேசானது முதலில்

தாக்க வரும் பிராணியைத் தடுப்பது பற்றி ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்களில் தனிப் பாடமே உண்டு. அதன் சாரம் இது: இலேசான வழியில் தடுக்க முடியும்போது கடினமான வழிக்குப் போகக் கூடாது. சத்தம் போட்டால் ஓடும் என்றால் அடிக்கக் கூடாது. அடித்தால் ஓடும் என்றால் கொல்லக் கூடாது. உயிருக்கே ஆபத்தாக வரும் பிராணிக்கு இந்த ஒழுங்கு என்றால், கீரை மேய வந்த முயலுக்கு எப்படி இருக்க வேண்டும்!

நம் கொல்லைக்கு இந்த ஒழுங்கை இப்படிக் கடைப்பிடிக்கலாம்.

1. கீரைப் பாத்தியைச் சுற்றி மூன்றடி உயரத்துக்குச் சிறு கண்ணுள்ள கம்பி வலை கட்டுங்கள். அடியில் அரையடியை மண்ணுக்குள் புதைத்து விடுங்கள். முயல் பெரும்பாலும் அடிவழியாகவே நுழையப் பார்க்கும். வசதியில்லாதவர்கள் கிளுவை வேலியை நெருக்கி வளர்த்து, அடிப்பகுதியில் முள் அடையலாம்.

2. புதிதாக வைத்த கன்றுகளுக்கு மூங்கில் கூண்டு போடுங்கள். கொய்யாவும் மாதுளையும் பிஞ்சாக இருக்கும்போதே துணிப்பை கட்டிவிட்டால் அணில் அடுத்த மரத்துக்குப் போய்விடும்.

3. தொய்வான நைலான் வலையை வேலியாகக் கட்டாதீர்கள். பாம்பும் குருவியும் அதில் சிக்கி, நாள் கணக்கில் துடித்துச் சாகின்றன.

4. கோழிக் கூட்டை மஃரிபுக்கு முன் அடைத்து விடுங்கள். கீரி பகலிலும் வரும். ஆதலால் குஞ்சுகள் பெரிதாகும் வரை மூடிய கூடையில் இருக்கட்டும்.

இவ்வளவு செய்த பிறகும் ஏதோ ஒன்று தின்று போனால் அது நம் ஸதகா. மனதாரக் கொடுத்ததாக நினைத்துக் கொள்வோம்.

முயல் ஹலால்தானே?

சிலர் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்பார்கள். முயல் கறி ஹலால்தானே, கொல்லைக்கு வந்ததைக் கண்ணி வைத்துப் பிடித்தால் என்ன என்று.

முயல் ஹலால் என்பதில் ஐயமில்லை. மர்ருழ் ழஹ்ரான் என்ற இடத்தில் ஒரு முயலை அனஸ் (ரலி) அவர்கள் துரத்திப் பிடித்தார்கள். அபூதல்ஹா (ரலி) அவர்கள் அதை அறுத்து, தொடைப் பகுதியை நாயகம் (ஸல்) அவர்களுக்கு அனுப்பினார்கள். அவர்களும் ஏற்றுக் கொண்டார்கள். நான்கு மத்ஹபுகளிலும் முயல் உண்ணத் தக்கதே.

ஆனால் ஹலாலான பிராணி, பிடிக்கும் முறையால் ஹராமாகிவிடும். சுருக்குக் கண்ணியில் கழுத்து இறுகிச் செத்த முயல் ஹராம். அல்மாயிதா அத்தியாயத்தின் 3ஆம் வசனம் கழுத்து நெரிந்து செத்ததையும், அடிபட்டுச் செத்ததையும் தனித்தனியே குறிப்பிட்டுத் தடுத்திருக்கிறது. மின்கம்பியில் பட்டுச் செத்ததும் செத்த பிராணியே. உயிர் இருக்கும்போது கிடைத்து, முறைப்படி அறுத்தால்தான் ஹலால்.

இன்னொன்றும் உண்டு. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயலை வேட்டையாடுவது குற்றம். மயில் 1963 முதல் தேசியப் பறவை. அதைத் தொடுவது இன்னும் பெரிய குற்றம். பாவமில்லாத காரியத்தில் நாட்டின் சட்டத்தை மதித்து நடப்பது முஸ்லிமின் கடமை. ஒரு வேளைக் குழம்புக்காகக் குடும்பத் தலைவர் சிறைக்குப் போவதை எந்த ஆலிமும் அனுமதிக்க மாட்டார்.

காட்டுப்பன்றிக்கென்று வைக்கும் அவுட்டுக்காயும், திருட்டு மின்சாரம் பாய்ச்சிய கம்பியும் இவற்றை விடக் கொடியவை. அவுட்டுக்காயைக் கடித்த மாடு தாடை சிதறித் தீனி தின்ன முடியாமல் பட்டினியில் சாகிறது. மின்வேலியில் இருட்டில் வந்த மனிதர்களே மாண்டிருக்கிறார்கள். கீரைப் பாத்தியைக் காக்கப் போய்க் கொலைப் பழியைச் சுமப்பது எவ்வளவு பெரிய கைசேதம்!

குட்டியைத் தூக்கி வராதீர்கள்

புல் வெட்டும்போது முயல் குட்டி தனியாகக் கிடைத்தால், தாயில்லாக் குட்டி என்று இரக்கப்பட்டு வீட்டுக்குக் கொண்டு வந்து விடுகிறார்கள். இரக்கம் நல்லது; ஆனால் இங்கே அது தவறாகப் போகிறது.

நம் பக்கத்துக் காட்டு முயல் வளை தோண்டுவதில்லை. புல்லுக்குள் உடம்பு அளவுக்குப் பள்ளம் செய்து படுக்கும். குட்டிகள் கண் திறந்தே, உடல் முழுதும் ரோமத்தோடு பிறக்கும். எதிரி மோப்பம் பிடித்து வராதிருக்கத் தாய் பகலெல்லாம் விலகி நிற்கும். இருட்டிய பிறகு வந்து பால் கொடுத்துச் செல்லும். ஆகவே தனியாகக் கிடக்கும் குட்டி அநாதையல்ல. நாம் தூக்கி வந்தால்தான் அது அநாதை. பசும்பால் அதற்கு ஒத்துக் கொள்ளாது. வீட்டுக்கு வந்த குட்டிகளில் பெரும்பாலானவை இறந்து விடுகின்றன.

ஒரு பயணத்தில் தோழர்கள் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துக் கொண்டார்கள். தாய்ப் பறவை தலைக்கு மேல் சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், குஞ்சுகளைப் பறித்து இதை வருத்தியது யார் என்று கேட்டு, திருப்பிக் கொடுக்கும்படி கட்டளையிட்டார்கள். அபூதாவூதில் பதிவான இச்செய்தி முயல் குட்டிக்கும் பொருந்தும். எடுத்த இடத்திலேயே வைத்து விடுங்கள். நாயும் பூனையும் அணுகாமல் பார்த்துக் கொள்ளுங்கள். அதுவே ஸுன்னத்தான இரக்கம்.

கூண்டில் வளர்க்கும் வெள்ளை முயல் வேறு இனம். அதைக் காட்டில் விட்டால் பிழைக்கத் தெரியாது. வளர்க்க எடுத்தவருக்கு அதன் தீனியும் தண்ணீரும் வாஜிபு. பூனையைக் கட்டிப் போட்டு, தீனியும் கொடாமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் புகுந்த செய்தியை நாம் அறிவோம்.

பாம்பு, எலி, தவளை

வீட்டில் குடியிருக்கும் பாம்பைக் கண்டால் முதலில் எச்சரித்து அவகாசம் கொடுக்கும்படி முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. இது மதீனாவுக்கு மட்டுமா, எல்லா ஊருக்குமா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தீங்கு செய்யும் பாம்பைக் கொல்லவும் அனுமதி உண்டு. ஆனால் இன்று நமக்கு இலேசான வழி ஒன்று இருக்கிறது. தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னால் வந்து பிடித்துச் செல்வார்கள். பாம்புகளும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவையே. எலி இருக்கும் இடத்துக்கே பாம்பு வரும். விறகுக் குவியலையும் சிந்திய தானியத்தையும் அகற்றினால் இரண்டும் குறையும். தப்பித் தவறிக் கடித்துவிட்டால் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் கூடாது; கடிபட்டவரை நடக்க விடாமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். விஷமுறிவு மருந்து அங்கே உண்டு.

எலியும் தேளும் கொல்ல அனுமதிக்கப்பட்டவை. ஆயினும் எல்லாவற்றிலும் நல்ல முறையைப் பேணும்படி அல்லாஹ் விதித்திருக்கிறான். பொறி வைத்து விரைவாகக் கொல்வது சரி. பசை அட்டையில் ஒட்டவிட்டு இரண்டு நாள் சாகவிடுவது சரியல்ல. விஷம் வைத்தால் செத்த எலியைத் தின்ற பூனையும் ஆந்தையும் சாகும். வீட்டுக் குழந்தை கையில் பட்டால் கேட்கவே வேண்டாம்.

தவளையைக் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். எறும்பு, தேனீ, கொண்டலாத்தி ஆகியவையும் தடுக்கப்பட்ட பட்டியலில் உள்ளன. எறும்புப் புற்றுக்குத் தீ வைப்பது அறவே கூடாது. நெருப்பால் தண்டிக்கும் உரிமை நெருப்பின் இறைவனுக்கே உரியது.

கடித்த பழம் சுத்தமா?

ஷாஃபிஈ மத்ஹபில் நாய், பன்றி தவிர்ந்த பிராணிகளின் எச்சில் சுத்தமே. முயல் போன்ற உண்ணத் தக்க பிராணியின் எச்சில் ஹனஃபி மத்ஹபிலும் சுத்தம். பன்றி ஈர வாயால் தீண்டிய காயை ஷாஃபிஈ மத்ஹபில் ஏழு முறை, அதில் ஒருமுறை மண் கலந்து கழுவ வேண்டும். காய்ந்த உடல் உரசிச் சென்றதால் மட்டும் செடி நஜீஸாகாது.

ஆனால் சுத்தம் வேறு, சுகம் வேறு. 2018இல் கேரளத்தின் கோழிக்கோடு, மலப்புறம் பகுதிகளில் நிபா நோயால் 17 பேர் இறந்தார்கள். அந்தக் கிருமியைச் சுமப்பவை பழந்தின்னி வௌவால்கள். எனவே எந்தப் பிராணி கடித்த பழமானாலும் அதை உண்ண வேண்டாம். தனக்குத் தானே கேடு செய்து கொள்வதும் மார்க்கத்தில் இல்லை.

பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்

நம் பையன்கள் ஓணானைக் கண்டால் கல்லெடுக்கிறார்கள். கழுத்தில் சுருக்குப் போட்டு, மூக்குப்பொடி வைத்து ஆடவிட்டுச் சிரிக்கிறார்கள். பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். ஒரு பறவையைக் கட்டி வைத்து அம்பெய்து விளையாடிய இளைஞர்களைக் கண்ட இப்னு உமர் (ரலி) அவர்கள், உயிருள்ளதை இலக்காக்குபவரை நபி (ஸல்) அவர்கள் சபித்ததாகச் சொல்லிக் கண்டித்தார்கள். பல்லியைக் கொல்வது பற்றிய ஹதீஸை ஓணானுக்கு ஆதாரமாகக் காட்டுவோர், அந்த ஹதீஸிலேயே ஒரே அடியில் முடிப்பதற்குத்தான் அதிக நன்மை சொல்லப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். சித்திரவதைக்கு அதில் இடமே இல்லை.

அதற்குப் பதிலாக ஒரு வேலை கொடுங்கள். கோடைக்காலத்தில் வேலியோரம் ஒரு மண் சட்டியில் தண்ணீர் வைக்கச் சொல்லுங்கள். நடுவில் ஒரு கல் வைத்தால் தேனீயும் குருவியும் மூழ்காமல் குடிக்கும். கொசு பெருகாமலிருக்க இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றட்டும். தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கிக் காலணியில் நீர் மொண்டு கொடுத்தவரின் பாவத்தை அல்லாஹ் மன்னித்த வரலாற்றை அந்தச் சட்டியின் அருகில் வைத்தே சொல்லுங்கள். புத்தகத்தில் படிப்பதை விட அது ஆழமாகப் பதியும்.

சட்டியில் தண்ணீர் இருந்தால் முயலும் அணிலும் ஈரத்துக்காகக் காயைக் கடிப்பதும் ஓரளவு குறையலாம். குறையாவிட்டாலும் பாதகமில்லை. நட்டது நாம், தண்ணீர் ஊற்றியது நாம். முளைக்கச் செய்தவன் அவன். அவனுடைய படைப்பு ஒன்று ஒரு வாய் தின்று போவதில் நமக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?

வாயில்லா ஜீவன்களிடம் இரக்கத்தோடு நடந்து, அதன் பொருட்டால் நாளை மஹ்ஷரில் இரக்கம் பெறும் கூட்டத்தில் நம்மையும் நம் பிள்ளைகளையும் அல்லாஹ் சேர்த்தருள்வானாக! ஆமீன்.