காற்று ஏறாத கம்ப்ரசர்: கழற்றுமுன் செய்ய வேண்டிய சோதனைகள்

சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் போன்ற ஊர்களில் விசைத்தறிக் கூடங்கள் பல வீட்டை ஒட்டியே அமைந்துள்ளன. தறியில் படியும் பஞ்சுத் தூசியை ஊதவும், வண்டிச் சக்கரங்களுக்குக் காற்றடிக்கவும் சிறு கம்ப்ரசர் ஒன்றை வைத்திருக்கும் அங்கத்தினர்கள் உண்டு. சில வேளைகளில் பொறி ஓயாது ஓடும், அழுத்தமோ ஏறாது. உடனே, "பொறி தேய்ந்து போயிற்று" என்று முடிவு கட்டிப் புதிதொன்று வாங்கக் கடன் மனு எழுதத் துணிகிறோம். குறை சிறு கசிவாக இருப்பின், அக்கடனும் அதன் வட்டியும் வீண் சுமையன்றோ? ஆகவே, செலவில்லாத சோதனைகளை முதலிலும், செலவுள்ளவற்றைக் கடைசியிலும் செய்யும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

ஓட்டைக் குடத்தின் தத்துவம்

ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றினால் மட்டம் ஓரளவு உயரும். உயர உயர ஓட்டை வழியே ஒழுகும் வேகமும் மிகும். ஊற்றுவதும் ஒழுகுவதும் சமமானவுடன் மட்டம் நின்றுவிடும். காற்றுத் தொட்டியும் அவ்வாறே. முள் ஓரிடம் வரை ஏறி அப்பால் அசையாதிருந்தால், ஒன்று கசிவு மிகுதி. அல்லது பொறி தரும் காற்று குறைவு. இவ்விரண்டில் எது என்று பிரித்தறிவதே நமது முதல் வேலை.

முதற் சோதனை: அளவுமானி

தொட்டியைக் காலி செய்தபின் முள் சுழிக்குத் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். திரும்பாவிடில் மானியே பொய் சொல்கிறது. நல்ல மானி ஒன்றை மாட்டி ஒப்பிட்ட பின்னரே மேற்செல்க.

இரண்டாம் சோதனை: கசிவு

ஏறும் மட்டும் காற்றை ஏற்றி, மின்சாரத்தை நிறுத்தி, வெளிக்குழாயை மூடிவிட்டு அரைமணி நேரம் முள்ளைக் கவனிக்கவும். சூடான காற்று ஆறும்போது சிறிது இறங்குதல் இயல்பு. தொடர்ந்து இறங்கினால் இணைப்புகள், அடியிலுள்ள வடிகால் திருகு, பாதுகாப்பு வால்வு ஆகியவற்றில் சோப்பு நீரைத் தடவுக. குமிழி எழுமிடமே கசிவிடம். வெளிக்குழாயைத் திறந்து ரப்பர்க் குழாயையும் அவ்வாறே சோதிக்கவும்.

மோட்டார் நின்றவுடன் பிரஷர் ஸ்விட்சில் 'புஸ்' என்று ஒருமுறை கேட்பது இயல்பு. அவ்வொலி நில்லாமல் தொடர்ந்தால், தொட்டி வாயிலுள்ள ஒருவழி வால்வு சரியாக மூடவில்லை என்று பொருள். அதற்காகப் பொறி முழுவதையும் மாற்றத் தேவையில்லை.

மூன்றாம் சோதனை: நிரம்பும் நேரம்

100 லிட்டர் தொட்டியில் 7 கிலோ அழுத்தம் ஏற்ற, வெளிக்காற்று ஏறக்குறைய 700 லிட்டர் வேண்டும். நிமிடத்திற்கு 100 லிட்டர் தரும் பொறி, காலித் தொட்டியை 7 நிமிட அளவில் நிரப்ப வேண்டும். கசிவு இல்லாதபோதும் 15 நிமிடம் ஆனால், பொறி தரும் காற்றே பாதியாகக் குறைந்திருக்கிறது. பொறி புதிதாக இருக்கையிலேயே இந்நேரத்தைக் குறித்து வைத்தல் நலம்.

காற்று குறைவதற்குக் காரணங்கள்

முதலாவது, காற்று வடிகட்டி. நெசவுக் கூடத்தில் பறக்கும் பஞ்சு இதனை விரைவில் அடைத்துவிடும். வடிகட்டியைக் கழற்றி ஒரு நிமிடம் ஓட்டும்போது முள் விரைந்து ஏறினால் குறை அதுவே. அதைச் சுத்தம் செய்து அல்லது மாற்றி மீண்டும் பொருத்துக. வடிகட்டியின்றித் தொடர்ந்து ஓட்டலாகாது.

இரண்டாவது, தளர்ந்த பெல்ட். பெல்ட் வழுக்கினால் மோட்டார் சுற்றினும் பொறியின் வேகம் குறையும்.

மூன்றாவது, தலைப்பகுதித் தகட்டு வால்வுகள். ஓடும்போது உறிஞ்சு வாயருகே உள்ளங்கையைக் காட்டினால் காற்று உள்ளே இழுக்கப்பட வேண்டும். மாறாக வெளியே ஊதினால் வால்வு உடைந்தோ, கரி படிந்தோ இருக்கும். தலை கேஸ்கெட் வெடித்திருந்தாலும் அழுத்தம் குறையும்.

கடைசியாகவே பிஸ்டன் ரிங். எண்ணெய்த் தொட்டியின் சுவாசத் துளையில் காற்று பலமாக வீசுவதும், எண்ணெய் விரைவில் குறைவதும், வடிகால் நீரில் எண்ணெய் மிகுவதும் ரிங் தேய்ந்ததன் அடையாளங்கள். இவை தென்பட்டாலன்றிப் பொறி தேய்ந்தது என்று சொல்வதற்கில்லை.

செய்யத் தகாதவை

அழுத்தம் போதவில்லையென்று பாதுகாப்பு வால்வை இறுக்குவதும், அடைப்பதும் உயிருக்கு ஆபத்து. துருப்பிடித்த தொட்டிக்கு ஒட்டுப் போட்டுப் பற்றவைத்தலும் அத்தகையதே. பொறியில் மாற்றத் தக்கது தொட்டியானால் அதை மாற்றவே வேண்டும். நாள்தோறும் வடிகால் திருகைத் திறந்து நீரை வெளியேற்றினால் துரு தடுக்கப்படும். எந்தப் பாகத்தைக் கழற்றுமுன்னும் மின் இணைப்பைத் துண்டித்து, தொட்டிக் காற்றை முழுவதும் விட்டுவிடுக.

இச்சோதனைகளின் முடிவை ஒரு தாளில் எழுதிக்கொண்டு பழுது பார்ப்பவரிடம் செல்லுங்கள். எது கெட்டது என்று அறிந்து செல்பவர், வேண்டாத பாகத்திற்கு விலை கொடுக்கமாட்டார். சங்கத்திற்கு ஒரு நல்ல மானி வாங்கி வைத்தால் அங்கத்தினர் அனைவருக்கும் அது பயன்படும்.

பயிற்சி வினாக்கள்

1. முள் பாதியில் நின்றால் அறிய வேண்டிய இரு காரணங்கள் யாவை?

2. 150 லிட்டர் தொட்டியில் 6 கிலோ அழுத்தம் ஏற்ற, நிமிடத்திற்கு 100 லிட்டர் தரும் பொறிக்கு எவ்வளவு நேரமாகும்?

3. பிஸ்டன் ரிங் தேய்ந்ததை எவ்வடையாளங்களால் அறியலாம்?