வெண்கல எருமையும் நம் ஏரிக்கரையும்

வெண்கலச் சிற்பம் என்றவுடன் சோழர் காலத்துத் தெய்வத் திருமேனிகளே நம் நினைவிற்கு வருகின்றன. அவற்றிற்குப் பன்னூறாண்டு முற்பட்ட விலங்குருவங்களும் தமிழகத்தில் உண்டென்பதை நம் மாணவருட் பலர் அறியார்.

திருநெல்வேலிக்குக் கிழக்கே, தாமிரபரணியின் தென்கரையில் உள்ளது ஆதிச்சநல்லூர். அங்குள்ள பரம்பினை 1876-ஆம் ஆண்டில் ஜெர்மானியராகிய ஜாகோர் முதன்முதல் அகழ்ந்தார். 1899 முதல் அலெக்சாந்தர் ரீ என்பார் பல ஆண்டுகள் விரிவாக ஆய்ந்தார். முதுமக்கள் தாழிகளோடு இரும்புக் கருவிகளும், பொற்பட்டங்களும், வெண்கலக் கலங்களும் வெளிப்பட்டன. அக்கலங்களை அணிசெய்த உருவங்களுள் எருமை, ஆடு, சேவல் என்னும் வீட்டுயிர்களும், புலி, மான், யானை என்னும் காட்டுயிர்களும் காணப்பட்டன. ரீ கண்டெடுத்தவை சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன.

இவற்றை மாணவர்க்குக் காட்டுமுன் சிறு சோதனையொன்று செய்தோம். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் சிலரை, எருமையொன்றை நினைவிலிருந்து வரையச் சொன்னோம். எருமைப்பால் உண்டு வளர்ந்தவர்களே அவர்கள். எனினும் பெரும்பாலோர் பசுவின் கொம்பையே எருமையின் தலைமேல் நாட்டிவிட்டனர்! மறுநாள் ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்றோம். கொம்பு தலையின் பக்கத்திலிருந்து எழுந்து, அரிவாள்போற் பின்னோக்கி வளைவதையும், அதன்மேல் வரிவரியாக மேடுகள் இருப்பதையும் அன்றுதான் அவர்கள் உண்மையிற் கண்டனர்.

பின்னர், விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வழியாக ரயிலேறி எழும்பூரில் இறங்கி, அருங்காட்சியகம் புகுந்தோம். சிறியதோர் எருமையுருவம், ஆயினும் அகன்று வளைந்த அக்கொம்புகளைக் கண்டவுடன், "நம் ஏரி எருமை!" என்றான் ஒரு மாணவன். அவ்வொரு சொல்லே எமக்குப் போதுமானதாயிற்று.

மெழுகில் உருச்செய்து, மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகியோடிய வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பது நம் நாட்டில் வழிவழி வந்த முறை. மெழுகிற் பிழை நேர்ந்தால் வெண்கலத்திலும் அப்பிழையே நிலைக்கும். மெழுகுக்கு முன்னதோ சிற்பியின் கண். கண் பிழைத்தால் கை என் செய்யும்?

கிறிஸ்துவுக்கு முற்பட்ட அக்காலத்துக் கைவினைஞன் பெயரை எவரும் அறியார். அவன் தன்னைச் சூழ்ந்த உயிர்களை ஊன்றி நோக்கினான் என்பதற்கு மட்டும் அவன் கைவேலை சான்றாய் நிற்கின்றது. நாமோ விலங்கியல் நூல்களில் தொலைதேசத்துப் பிராணிகளை மனனம் செய்கின்றோம். வாயிலிற் கட்டிய எருமையை நோக்குவதில்லை. நூலறிவு வேண்டாமென்று கூறவில்லை. நூலை மூடியபின் சிறிது நேரம் ஏரிக்கரையிலும் நிற்குமாறு நம் மாணவரை வேண்டுகின்றோம். கண்ணாற் கண்டு தெளிந்ததே கல்வியாய் நிலைபெறும்.