கரிக்கு உள்ளே வைரம்

2023 மே 25 விடியற்காலை, புனே பவானி பேட் டிம்பர் மார்க்கெட்டில் மரக்கிடங்குகள் பற்றிக்கொண்டன. எங்கள் மொட்டைமாடியில் விடியும்போது சாம்பல் படிந்திருந்தது. சில நாள் கழித்து ஒரு வியாபாரி எரிந்த தேக்குச் சட்டங்களை விறகு விலைக்குத் தள்ளினார். சந்தில் கதவு நிலையும் கைமரமும் பறிகொடுத்த வீடுகள் இருந்தன. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு டெம்போ நிறைய வாங்கிவிட்டோம். மரவேலையில் எனக்கு இருபது வருடப் பழக்கம். எரிந்த மரத்தில் ஒரு நாள்கூட இல்லை.

கறுப்பைப் பார்த்து நான் ஒதுக்கிய கட்டையை சுதார் காகா எடுத்து, வாச்சியால் ஓரத்தில் ஒரு கொத்து போட்டார். (சுதார் என்றால் மராத்தியில் தச்சர்.) விரல் கனத்துக்குக் கரி. கீழே மெல்லிசாகக் காப்பி நிறம். அதற்கும் உள்ளே எண்ணெய் மினுக்கோடு தேக்கு, வாசனைகூடப் போகவில்லை! மேலே படியும் கரிதான் உள்ளே சூடு இறங்காமல் காக்கிறது. கனத்த கட்டையில் தீ நிமிடத்துக்கு முக்கால் மில்லிமீட்டர் போனாலே அதிகம். நாள்கணக்கில் எரிந்தால் கதை வேறு. 1828இல் ஏழு நாள் எரிந்த சனிவார் வாடா கோட்டையில் கல்தான் நின்றது. காப்பி நிறப் பகுதியும் வலு இழந்ததுதான், கால் அங்குலம் சேர்த்தே செதுக்குங்கள். நாலு பக்கமும் கருகிய இரண்டங்குலச் சட்டத்தில் எதுவும் தேறாது. ப்ளைவுட்டைத் தொடவே வேண்டாம், பசை விட்டிருக்கும்.

ஏமாந்தது ஆணியில். பழைய வாடா வீடுகளை இடித்த, ஆணியோடு இருந்த மரமும் கலந்திருந்தது. இரும்பு சூட்டை உள்ளே கடத்திவிடும். வெளியே பொட்டளவு கரி, உள்ளே துளை நெடுகக் கருகல். சுத்தியால் தட்டி ‘ணங்’ என்றால் எடுத்துக்கொள்ளுங்கள், ‘தொப்’ என்றால் அடுப்புக்கு. அறுக்கும் முன் காந்தம் ஓட்டிப் பார்ப்பதும் நல்லது. நான் பார்க்கவில்லை, சாமில் பிளேடுக்குத் தண்டம் கட்டினேன்.

நெருப்பைவிட அதிகம் கெடுத்தது அணைத்த தண்ணீர். ஜூனில் மழை பிடித்துவிடும் என்ற பயத்தில், ஊறிய கட்டைகளை நெருக்கி அடுக்கி, தார்ப்பாயால் நாலு புறமும் மூடினேன். பத்து நாளில் வெளிறு (மரத்தின் வெளிப்பகுதி) முழுக்கப் பூஞ்சணம், நீலக் கறை. உள்ளே உள்ள வைரம் மட்டும் தப்பியது. மேலே மட்டும் மூடி, பக்கவாட்டில் காற்றோட விட்டு, வரிசைக்கு வரிசை ரீப்பர் கொடுத்திருக்க வேண்டும். முனைகளில் பெயின்ட் அடித்தால் வெடிப்பும் குறையும்.

கோடையில் தளஜாய் டேக்டியில் (குன்றில்) தீப்பிடித்துக் கருகும் மரங்களையும் இப்படி அறுக்கலாமே என்று ஒருவர் கேட்டார். முதலில் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் மழைக்குத் துளிர்த்துவிடும். கிளைரிசிடியா அடிக்கட்டையிலிருந்தே கிளம்பும். பட்ட மரமே ஆனாலும் 1975ஆம் வருட மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்காமல் கோடாலி வைக்கக் கூடாது.

புகை நாற்றத்துக்கு வெறும் வார்னிஷ் போதாது, முதலில் அரக்குப் பாலிஷ் இரண்டு கை. இது தெரிவதற்குள் ஒரு நிலையை மாட்டிவிட்டேன், மழைக்காலம் முழுக்க அது பீடி நாற்றம் அடித்தது. அந்த வீட்டு ஆஜி (பாட்டி) இன்றைக்கும் என்னைக் கண்டால் மூக்கைத் தொட்டுக் காட்டுவார்.