ஊர்க் கணக்கும் மக்கள் கண்ணும்

அரசாங்கம் என்றவுடன் கோட்டையும் தலைமைச் செயலகமும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் எளிய குடியானவன் நாள்தோறும் கண்ட அரசாங்கம் அவனுடைய ஊர்க் கர்ணமே. ஆட்சித்துறைச் சீர்திருத்தத்தைப் பாடமாகப் பயிலும் நான், அதனை நம் தாம்பரம் வட்டாரத்தின் ஊர்க் கணக்கைக் கொண்டே ஆராய விழைகிறேன்.

கர்ணமும் கணக்கும்

சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் ஆகியவை ஒரு காலத்தில் ஏரிப் பாசன ஊர்கள். எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர் என்று கூறும் அடங்கலும், யாருக்கு எவ்வளவு நிலம் என்று கூறும் சிட்டாவும் கர்ணத்தின் கையில் இருந்தன. சென்னை மாகாணத்தின் 1895-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய பதவிகளுக்குப் பரம்பரை உரிமை அளித்தது. அரசியலமைப்பின் 16-ஆம் பிரிவுக்கு இது முரணானது என்று 1960-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1980-இல் நிகழ்ந்த மாற்றம்

1980 நவம்பர் 14 அன்று, எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டத்தின் மூலம் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. தேர்வாணையத்தின் வழியே முழுநேரக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர். பிழைப்பை இழந்த பழைய அலுவலர்கள் வழக்குத் தொடுத்தனர். ஊரின் ஒவ்வொரு வயலையும் அறிந்தவர்கள் அவர்கள் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் 1982-இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றது. பிறப்பால் வந்த பதவி தகுதிக்கு உரியதாயிற்று.

யார் மேற்பார்வையிடுவது?

ஆள் மாறினால் மட்டும் போதுமா? போதாது என்பதே என் கருத்து. அலுவலரின் கணக்கைத் தணிக்கை செய்ய ஜமாபந்தி என்னும் பழைய முறை உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை மேலதிகாரி கிராமக் கணக்குகளைப் பார்வையிட்டு, மக்களின் மனுக்களையும் பெறுகிறார். ஆயினும் அது அதிகாரியை அதிகாரி பார்க்கும் பார்வையே. குடிமகனே கணக்கைக் கேட்கும் உரிமை, தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், பின்னர் நாடு முழுவதற்குமான 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தாலும் வந்தது. 30 நாளில் பதில் தரவேண்டும்; தக்க காரணமின்றித் தாமதித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய் வரை அலுவலருக்கு அபராதம் விதிக்கலாம்.

இன்றைய நிலை

வயல்கள் மனைகளாயின, 2021-இல் தாம்பரம் மாநகராட்சியாயிற்று. எங்கள் தெருவில் சிலரிடம் கிரயப் பத்திரம் இருக்கிறது. பட்டாவோ இன்னும் பழைய உடைமையாளர் பெயரில் உள்ளது. ஆயுட்காலச் சேமிப்பு அந்த ஒரு தாளை நம்பி நிற்கிறது. பட்டாவையும் சிட்டாவையும் இன்று இணையத்திலேயே பார்க்கலாம். ஆனால் பார்த்து, பிழை கண்டு, எழுத்தில் மனுக் கொடுத்துப் பதில் கேட்பவர் சிலரே.

கணக்கு எழுதுபவரைத் தேர்வு செய்வது சீர்திருத்தத்தின் முதற்படி. அக்கணக்கை மக்கள் படிப்பதே அதன் நிறைவு. எழுத்தறிந்த மாணவர்களாகிய நாம், நம் தெருவில் ஒருவருக்கேனும் அவருடைய சிட்டாவைப் படித்துக் காட்டி, வேண்டிய மனுவை எழுதிக் கொடுப்போமாக!